கையெழுத்துக்கு முன் ஒரு பக்கம்: விளையாட்டு வீரர் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய வீரர் சங்க நிர்வாகிகளுக்கு,

வணக்கம்.

ஒப்பந்தம் படித்துச் சொல்வது என் பிழைப்பு. நான் வக்கீல் இல்லை. ஒரு வக்கீல் அலுவலகத்தின் மூலை மேசையில் உட்கார்ந்து, வெளிநாட்டு கிளப்கள் அனுப்பும் ஒப்பந்தங்களை வீரர்களுக்குப் புரிகிற மாதிரி எழுதிக் கொடுக்கிறவன். பெரும்பாலும் அவர்கள் என்னிடம் வருவது கையெழுத்துப் போட்ட பிறகுதான். அதிலும் பாதிப்பேர், ஒப்பந்தத்தை உதறிவிட்டுக் கிளம்பிய பிறகு வருகிறார்கள். முதலில் கையெழுத்து, அப்புறம் ஓட்டம், கடைசியில்தான் வாசிப்பு. இந்த வரிசையை மாற்றுவதற்கு உங்களால் ஒரு காரியம் செய்ய முடியும். அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம்.

சில மாதங்களுக்கு முன் ஒரு பையன் வந்தான். 22 வயது, கால்பந்து வீரன். வேறொரு நாட்டு கிளப்பில் இரண்டு வருஷ ஒப்பந்தம். ஏழாவது மாதம் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டான். ஒப்பந்தம் எங்கே என்றேன். போனை நீட்டினான். பதினாலு பக்கங்களையும் கட்டிலில் பரப்பிப் போட்டோ எடுத்திருந்தான். ஓரங்களில் பூப்போட்ட போர்வை தெரிந்தது. ஒன்பதாம் பக்கத்தில் அவனுடைய கட்டைவிரல். பெரிதாக்கிப் பார்த்தேன். ஒப்பந்தத்தை முறிப்பது பற்றிய பிரிவு அந்த விரலுக்கு அடியில்தான் இருந்தது.

அவன் கேட்ட முதல் கேள்வி இது: "சார், இதுக்கு ஜெயில்ல போடுவாங்களா?"

போட மாட்டார்கள். ஒப்பந்தத்தை மீறுவது சிவில் விவகாரம், குற்றம் இல்லை. ஆனால் அவன் பயத்தைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேலையை விட்டுப் போன தொழிலாளியைச் சிறையில் தள்ளும் சட்டம் இங்கிலாந்தில் 1875 வரை இருந்தது. முன்பணம் வாங்கிக்கொண்டு வேலைக்கு வராதவனை மாஜிஸ்திரேட் முன் நிறுத்தும் 1859-ஆம் வருஷத்துச் சட்டத்தைப் பிரிட்டிஷ் இந்தியாவில் 1925-ல்தான் ரத்து செய்தார்கள். சட்டம் போய்விட்டது, பயம் பரம்பரையாக வந்துகொண்டிருக்கிறது. அந்தப் பயத்தைக் கிளப்களும் ஏஜென்ட்டுகளும் நன்றாகவே பயன்படுத்திக்கொள்கிறார்கள். "கேஸ் போட்டால் பாஸ்போர்ட்டை முடக்கிவிடுவோம்" என்று ஒரு மேனேஜர் சொன்னதாக இன்னொரு வீரர் என்னிடம் சொல்லியிருக்கிறார். உங்கள் உறுப்பினர் ஒருவருக்கு, எது நடக்கும், எது நடக்காது என்பதே தெரியாமல் இருக்கிறது. இதில் உங்களுக்குப் பங்கில்லை என்று நான் நினைக்கவில்லை.

சரி, என்னதான் நடக்கும்?

வீரனைப் பிடித்து இழுத்து வந்து ஆட வைக்க எந்த நீதிமன்றமும் உத்தரவிடாது. அப்படி உத்தரவிட்டாலும் அவன் முழு மனதோடு ஓடுகிறானா, வேண்டுமென்றே மெதுவாகப் பந்து போடுகிறானா என்பதை எந்த நீதிபதி மைதானத்தில் நின்று பார்ப்பார்? ஆனால் வேறொன்று செய்யலாம். இந்த வழியைத் திறந்துவிட்டது விளையாட்டு வழக்கு இல்லை, ஒரு பாட்டுக்காரியின் வழக்கு. 1852-ல் யோஹன்னா வாக்னர் என்ற பாடகி லண்டனில் ஒரு அரங்கத்துக்குப் பாட ஒப்புக்கொண்டுவிட்டு, கூடுதல் பணம் தருவதாகச் சொன்ன போட்டி அரங்கத்துக்குப் போகப் பார்த்தார். "உன்னைப் பாடச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை; வேறு இடத்தில் பாடாதே என்று சொல்ல இருக்கிறது" என்ற பொருளில் தீர்ப்பு வந்தது. 170 வருஷம் கழித்தும், ஆங்கிலச் சட்ட மரபில் வீரனை மடக்க வேண்டுமென்றால் கிளப் வக்கீல்கள் முதலில் தேடுவது இந்தக் கதவைத்தான். அடுத்த வருஷமே அதே தகராறிலிருந்து இன்னொரு கொள்கையும் பிறந்தது: ஒப்பந்தத்தை மீறும்படி தூண்டிவிட்டவன் மீதும் வழக்குப் போடலாம். புதிய கிளப் ஒன்று "நீ வந்துவிடு, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டு, எழுதிக் கொடுக்கச் சொன்னால் மட்டும் நழுவுவதற்கு இதுதான் காரணம்.

தடை உத்தரவு எப்படிக் கடிக்கும் என்பதற்கு அமெரிக்காவில் இரண்டு நல்ல உதாரணங்கள் உண்டு. பேஸ்பால் வீரர் நெப்போலியன் லாஜோய் 1901-ல் பிலடெல்ஃபியாவின் ஒரு அணியிலிருந்து அதே ஊரின் போட்டி அணிக்குத் தாவினார். 1902-ல் பென்சில்வேனியா உச்ச நீதிமன்றம் அவருக்குத் தடை போட்டது. அவருக்கு ஈடான ஆளை எளிதில் பிடிக்க முடியாது என்பதுதான் நீதிமன்றம் சொன்ன காரணம். அந்தத் தடை மாநில எல்லைக்குள் மட்டுமே செல்லும் என்பதால் அவர் க்ளீவ்லண்ட் அணிக்குப் போய்விட்டார். அணி பிலடெல்ஃபியாவில் ஆடப் போகும்போது மட்டும் அவர் கூடப் போகமாட்டார். கூடைப்பந்து வீரர் ரிக் பேரிக்கு அந்தச் சலுகைகூடக் கிடைக்கவில்லை. 1967-ல் அணி மாறியவர், நீதிமன்ற உத்தரவால் 1967–68 பருவம் முழுக்க ஆடாமல் உட்கார்ந்தார்.

இதில் ஒரு நுணுக்கத்தை நம் வீரர்கள் யாரும் கவனிப்பதில்லை. நல்ல ஆட்டக்காரனாக இருந்தால்தான் இந்தத் தடை கிடைக்கும். உனக்குப் பதில் வேறொருவன் வந்துவிடுவான் என்றால் கிளப்புக்குப் பணத்தோடு சரி. சம்பளம் பேசும்போது "நீ ஒன்றும் பெரிய ஆள் இல்லை" என்று சொன்ன அதே கிளப், கோர்ட்டில் வந்து "இவரைப் போல இன்னொருவர் கிடையாது" என்று மனு போடும். அந்த மனுவை வெட்டி எடுத்து அடுத்த சம்பளப் பேச்சுவார்த்தைக்குக் கொண்டுபோகலாம் என்று எங்கள் அலுவலகத்தில் ஒரு வேடிக்கைப் பேச்சு உண்டு.

தடைக்கும் எல்லை இருக்கிறது. 1989-ல் குத்துச்சண்டை வீரர் நைஜல் பென் சம்பந்தப்பட்ட வழக்கில், இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் தடை கொடுக்க மறுத்துவிட்டது. குத்துச்சண்டைக்காரனின் தொழில் ஆயுள் குறைவு. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் திறமை போய்விடும். நீண்ட காலத் தடை என்பது பழைய மேனேஜரிடமே திரும்பிப் போ என்று கட்டாயப்படுத்துவதற்குச் சமம் என்று அது பார்த்தது. ஆனால் அது இங்கிலாந்து. வேறு நாட்டில், வேறு விளையாட்டில், வேறு நீதிபதி என்ன சொல்வார் என்று உங்கள் உறுப்பினர் எப்படித் தெரிந்துகொள்வார்?

பணத்துக்கு வருவோம். நான் உங்களிடம் முறையிட வந்ததே முக்கியமாக இதைத்தான்.

உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் வீரர் இடமாற்ற விதிகளில் 17-ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. நியாயமான காரணம் இல்லாமல் ஒப்பந்தத்தை முறிப்பவர் இழப்பீடு கொடுக்க வேண்டும். 28 வயது ஆவதற்கு முன் கையெழுத்துப் போட்டிருந்தால் முதல் மூன்று பருவங்கள் 'பாதுகாப்புக் காலம்', அதற்குப் பிறகு போட்டிருந்தால் இரண்டு பருவங்கள். அந்தக் காலத்துக்குள் முறித்தால் இழப்பீட்டோடு நாலு மாதத் தடையும் உண்டு. நிலைமை மோசமாக இருந்தால் ஆறு மாதம். இந்தத் தடை ஒரு பருவத்தின் கடைசிப் போட்டிக்கும் அடுத்த பருவத்தின் முதல் போட்டிக்கும் நடுவில் ஓடாது. அதாவது, விடுமுறையில் தடையைக் கழித்துவிட்டுத் தெம்பாகத் திரும்பி வர முடியாது.

தடை எத்தனை மாதம் என்பதாவது எழுதியிருக்கிறது. இழப்பீடு எவ்வளவு என்பதுதான் யாருக்கும் தெரியாமல் இருந்தது. ஸ்காட்லாந்து வீரர் ஆண்டி வெப்ஸ்டர் 2006-ல், பாதுகாப்புக் காலம் முடிந்த பிறகு, ஹார்ட்ஸ் கிளப்பை விட்டு விகனுக்குப் போனார். ஃபிஃபாவின் தகராறு தீர்ப்புக் குழு 6,25,000 பவுண்ட் கட்டச் சொன்னது. 2008 ஜனவரியில், சுவிட்சர்லாந்தின் லொசானில் இருக்கும் விளையாட்டு நடுவர் தீர்ப்பாயம் அதை 1,50,000 பவுண்டாகக் குறைத்தது. ஒப்பந்தத்தில் மிச்சமிருந்த சம்பளம் எவ்வளவோ அவ்வளவுதான் என்பது கணக்கு. ஆஹா, இனி விலை தெரிந்துவிட்டது, பாதுகாப்புக் காலம் முடிந்தால் மிச்சச் சம்பளத்தைக் கட்டிவிட்டுப் போகலாம் என்று கால்பந்து உலகமே பேசியது.

அந்தப் பேச்சின் ஆயுள் பதினாறு மாதம். பிரேசில் வீரர் மட்டுசலேம், 2007-ல் ஷக்தார் டொனெட்ஸ்க் கிளப்பை விட்டு ஸ்பெயினின் சரகோசாவுக்குப் போயிருந்தார். அவரும் பாதுகாப்புக் காலம் முடித்துத்தான் கிளம்பினார். ஃபிஃபா குழு 68 லட்சம் யூரோ என்றது. மேல்முறையீட்டில், 2009 மே மாதம், அதே லொசான் தீர்ப்பாயம் 1,18,58,934 யூரோ என்றது. வருஷத்துக்கு 5 சதவீத வட்டி வேறு. பழைய கிளப் அந்த வீரரை இழந்ததால் என்ன மதிப்பை இழந்தது என்று பார்க்க வேண்டும் என்பது இந்த முறை வந்த கணக்கு. விதி அதேதான், தீர்ப்பாயமும் அதேதான். ஒருவருக்கு ஒன்றரை லட்சம் பவுண்ட், இன்னொருவருக்கு ஒரு கோடியே பதினெட்டு லட்சம் யூரோ. இருவரும் ஒரே மதிப்புள்ள வீரர்கள் இல்லைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மேல்முறையீட்டில் ஒருவருடைய தொகை நாலில் ஒரு பங்குக்கும் கீழே இறங்குகிறது, இன்னொருவருடையது கிட்டத்தட்ட ஒன்றே முக்கால் மடங்காகிறது. வக்கீலாலேயே சொல்ல முடியாத தொகையைத் தலையில் கட்டிக்கொண்டு 24 வயது வீரன் எப்படி முடிவெடுப்பான்?

மட்டுசலேம் கதை அதோடு முடியவில்லை. அவரால் அந்தப் பணத்தைக் கட்ட முடியவில்லை. கட்டும்வரை உலகத்தில் எங்குமே கால்பந்து ஆடக்கூடாது என்று ஃபிஃபா சொன்னது. ஆடினால்தானே சம்பாதிக்க முடியும், சம்பாதித்தால்தானே கட்ட முடியும்? 2012 மார்ச்சில் சுவிட்சர்லாந்தின் உச்ச நீதிமன்றம், காலவரம்பே இல்லாத அந்தத் தடை மனிதனின் அடிப்படை உரிமையில் கை வைக்கிறது என்று ரத்து செய்தது. தடைதான் போனது, கடன் அப்படியே நின்றது. இப்படிப்பட்ட நடுவர் தீர்ப்புகளை 1958-ஆம் வருஷத்து நியூயார்க் உடன்பாட்டின்படி 170-க்கும் மேற்பட்ட நாடுகளில் வசூலுக்குக் கொண்டுபோகலாம். ஊர் மாறினால் தப்பிவிடலாம் என்று நினைக்கும் வீரர்கள் இன்னும் லாஜோய் காலத்திலேயே நிற்கிறார்கள்.

பிரெஞ்சுக் கால்பந்து வீரர் லசானா தியாராவின் வழக்கை நீங்கள் கொண்டாடினீர்கள். கொண்டாட வேண்டியதுதான். 2014-ல் லோகோமோடிவ் மாஸ்கோ அவருடைய ஒப்பந்தத்தை முடித்துவிட்டு அவரிடமே 2 கோடி யூரோ கேட்டது. 1 கோடியே 5 லட்சம் யூரோ கட்டச் சொல்லித் தீர்ப்பானது. பெல்ஜியத்தின் ஷார்லெருவா கிளப் அவரை எடுக்கத் தயாராக இருந்தது. ஆனால் புதிய கிளப்பும் சேர்ந்து கடனுக்குப் பொறுப்பு என்ற விதியைப் பார்த்துப் பின்வாங்கியது. அவர் மாதக்கணக்கில் அணியில்லாமல் இருந்தார். 2024 அக்டோபர் 4 அன்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், இந்த விதிகளில் பல ஐரோப்பியச் சட்டத்துக்கு முரணானவை என்றது. ஃபிஃபா அவசரமாக இடைக்கால விதிகள் கொண்டுவந்தது. இழப்பீட்டுக் கணக்கும் மாறியது. புதிய கிளப்தான் தூண்டியது என்று முன்கூட்டியே முடிவு கட்டுவதும் போனது. நல்லது. ஆனால் அந்தத் தீர்ப்பு வந்தபோது தியாரா ஆட்டத்திலிருந்தே ஓய்வு பெற்றிருந்தார். கொண்டாட்டத்தில் உங்கள் அறிக்கைகளை வாசித்தேன். இனி ஒரு வீரர் நடுவில் கிளம்பினால் எவ்வளவு கட்ட வேண்டியிருக்கும் என்பதை அவருக்குப் புரிகிற மொழியில் சொல்லும் ஒரு வரியை நான் அவற்றில் பார்க்கவில்லை.

விலையை முன்கூட்டியே எழுதலாமா? எழுதலாம் என்று ஸ்பெயின் 1985-லிருந்து காட்டிக்கொண்டிருக்கிறது. அந்த வருஷத்து அரசாணைப்படி, தொழில்முறை வீரர் இழப்பீடு கொடுத்துவிட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகலாம். தொகையை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்வது வழக்கமாகிவிட்டது. 2017 ஆகஸ்டில் நெய்மர் பார்சிலோனாவை விட்டுப் போனபோது, அவருடைய வக்கீல்கள் 22 கோடியே 20 லட்சம் யூரோவை முதலில் லீக் அலுவலகத்தில் கட்டப் போனார்கள். லீக் வாங்க மாட்டேன் என்றது. பணத்தை வாங்க மறுத்த அந்த வேடிக்கை ஒரு நாள் தலைப்புச் செய்தியானது. அப்புறம் கிளப்பிடமே கட்டினார்கள், விஷயம் முடிந்தது. உலகத்திலேயே பெரிய இடமாற்றம், ஆனால் ஒப்பந்தத்தை முறித்ததற்காக அவர்மேல் ஒரு நாள் தடையும் இல்லை. விலை எழுதியிருந்தது, கொடுத்தார்கள், போனார்.

இதிலும் ஒரு பொறி இருக்கிறது, மறைக்கவில்லை. எழுதுகிறோம் என்று சொல்லி எட்டாத தொகையை எழுதிவிடலாம். பார்சிலோனாவிலேயே 2021-ல் பெத்ரியின் ஒப்பந்தத்தில் 100 கோடி யூரோ என்று போட்டார்கள். அது விலை இல்லை, பூட்டு. அதனால் தொகை சம்பளத்தை ஒட்டி இருக்க வேண்டும், ஒவ்வொரு வருஷமும் இறங்க வேண்டும் என்று நீங்கள்தான் பேரம் பேச வேண்டும். ஒரு தனி வீரனால் அது முடியாது. சங்கம் என்று ஒன்று எதற்கு?

இப்போது அந்தப் பையனிடம் திரும்பி வருகிறேன். அவன் ஏன் கிளம்பினான் என்று கேட்டேன். மூன்று மாதமாகச் சம்பளம் வரவில்லை. ஃபிஃபா விதிகளில் 2018-லிருந்து ஒரு பாதுகாப்பு இருக்கிறது. கிளப் இரண்டு மாதச் சம்பளத்தை முறையில்லாமல் நிறுத்தி வைத்தால், வீரர் எழுத்துமூலம் அறிவிப்புக் கொடுத்து, பாக்கியைத் தீர்க்க 15 நாள் அவகாசம் தர வேண்டும். அதற்குள் தராவிட்டால் அவர் ஒப்பந்தத்தை முறிக்கலாம், நியாயமான காரணம் அவர் பக்கம். மிச்ச ஒப்பந்தத்துக்கும் சேர்த்து கிளப்தான் இழப்பீடு தர வேண்டியிருக்கும்.

"எழுதிக் கேட்டியா?" என்றேன்.

"வாட்ஸ்அப்ல கேட்டேன் சார்."

காட்டினான். 'சார், சேலரி?' என்று அவன் அனுப்பியிருந்தான். பதிலாகக் கும்பிடும் கை ஒன்று வந்திருந்தது. பத்து நாள் கழித்து மறுபடி 'சார்?' மறுபடி கும்பிடும் கை. அப்புறம் விசா புதுப்பிக்க வேண்டும் என்று பொய் சொல்லி கிளப் அலுவலகத்திலிருந்து பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு விமானம் ஏறியிருக்கிறான். பாஸ்போர்ட் ஏன் அவர்களிடம் இருந்தது என்றேன். "எல்லாரோடதும் அங்கதான் சார் இருக்கும், பத்திரமா" என்றான்.

அவன் ஊருக்கு வந்த ஆறாம் நாள் கிளப்பின் மின்னஞ்சல் வந்தது. அனுமதியில்லாமல் அணியை விட்டுப் போய்விட்டார், மிச்சம் 17 மாதச் சம்பளத்தை இழப்பீடாகக் கட்ட வேண்டும், கட்டும்வரை எந்த அணியிலும் ஆட விடமாட்டோம் என்று. மூன்று மாதப் பாக்கியைப் பற்றி அதில் ஒரு எழுத்தும் இல்லை. தேதி போட்டு, தொகை போட்டு, 15 நாள் கெடு போட்டு நாலு வரி அனுப்பியிருந்தால் பணம் வர வேண்டிய ஆளாக இருந்திருப்பான். அனுப்பாததால் பணம் கட்ட வேண்டிய ஆளாக வந்து என் முன்னால் உட்கார்ந்திருந்தான். வழக்கை நடத்தியிருந்தால் ஜெயித்திருக்கவும் கூடும். சம்பளம் கொடுக்காதது கிளப்பின் தப்பு என்பது அப்படியே இருக்கிறது. ஆனால் நடத்த ஒரு வருஷம் ஆகும், அவனுக்கு 22 வயது. கடைசியில் சமரசம். அவன் பாக்கியை விட்டான், அவர்கள் கோரிக்கையை விட்டார்கள், விடுவிப்புக் கடிதம் வந்தது. அதற்குள் வீரர் பதிவுக்கான காலம் முடிந்துவிட்டது. பாதிப் பருவத்தை கேலரியில் உட்கார்ந்து பார்த்தான்.

இதே மாதிரி நாலு வரிக் கடிதம் இல்லாமல் வந்தவர்கள், என் கணக்கில் மட்டும் ஒன்பது பேர்.

ஓடுகிறவர்கள் எல்லாரும் பாவப்பட்டவர்கள் என்று நான் வாதாட வரவில்லை. 2008 ஜூலையில் ரக்பி லீக் வீரர் சானி பில் வில்லியம்ஸ், ஐந்து வருஷ ஒப்பந்தத்தின் இரண்டாம் வருஷத்தில், பருவத்தின் நடுவில், சிட்னியின் புல்டாக்ஸ் அணிக்குச் சொல்லாமல் பிரான்ஸுக்கு விமானம் ஏறினார். அன்றிரவு அணி வீரர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்தால் அவர்மேல் எனக்குக் கோபம்தான் வருகிறது. நீதிமன்றம், தடை உத்தரவு என்று போய், 7,50,000 ஆஸ்திரேலிய டாலருக்குச் சமரசமானது. 2013-ல் அதே லீக்குக்கு வேறு அணியில் திரும்பி வந்து அந்த வருஷமே கோப்பையும் வென்றார். பெரிய வீரனுக்கு ஓட்டத்தின் விலையைக் கட்ட ஆள் இருப்பார்கள். உங்கள் உறுப்பினர்களில் அப்படி எத்தனை பேர்?

ஓய்வு என்று சொல்லிவிட்டாலும் தப்ப முடியாது. அமெரிக்கக் கால்பந்து வீரர் ரிக்கி வில்லியம்ஸ் 2004-ல் பயிற்சி முகாமுக்குச் சில நாள் முன்பு ஓய்வு அறிவித்தார். மியாமி அணிக்கு 86 லட்சம் டாலர் திருப்பிக் கட்டும்படி நடுவர் உத்தரவிட்டார். அடுத்த வருஷம் அவர் அதே அணிக்குத் திரும்பி வந்தார். கையெழுத்தின்போது வாங்கும் போனஸ், ஆடி முடித்த பிறகுதான் முழுசாக நம்முடையது. அதைக் கையில் வாங்கிய அன்றே கார் வாங்குகிறவர்களிடம் இதை யார் சொல்வது?

கிரிக்கெட் சங்கங்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் பக்கம் கோர்ட்டே தேவைப்படுவதில்லை, லீக் விதியே தண்டனை. ஐபிஎல் ஏலத்தில் எடுக்கப்பட்ட பிறகு, தகுந்த காரணமில்லாமல் விலகினால் இரண்டு பருவத் தடை. 2025-ல் ஹாரி புரூக்குக்கு அது விழுந்தது. அதே வருஷம் பாகிஸ்தான் லீக்கை விட்டு ஐபிஎல்லுக்குப் போன கார்பின் பாஷுக்குப் பாகிஸ்தான் வாரியம் ஒரு வருஷத் தடை போட்டது. இந்தத் தடைகள் நியாயமா, அளவுக்கு மீறியவையா என்று யாராவது நீதிமன்றத்தில் கேட்டார்களா? ஒரு காலத்தில் கேட்டார்கள். ஆஸ்திரேலிய ஊடக முதலாளி கெர்ரி பேக்கர் நடத்திய போட்டித் தொடரில் சேர்ந்த வீரர்களைத் தடை செய்தபோது, டோனி கிரெய்க் உள்ளிட்டவர்கள் லண்டன் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 1977 நவம்பரில், தொழில் செய்யும் உரிமையைத் தடுக்கும் அந்த விதி செல்லாது என்று தீர்ப்பு வாங்கினார்கள். அந்த வழக்குக்குப் பிறகு பிறந்தவர்கள்தான் இன்று உங்கள் செயற்குழுவில் இருக்கிறீர்கள். கொஞ்சம் எடுத்துப் படியுங்கள்.

இன்னொன்று, சின்ன விஷயம். கிளப் ஒருவரை நடுவில் அனுப்பினால் பத்திரிகைகள் 'விடுவித்தது' என்று எழுதுகின்றன. வீரர் போனால் 'ஓட்டம்', 'துரோகம்'. இரண்டும் ஒப்பந்த முறிவுதான். உங்கள் அறிக்கைகளிலும் 'விடுவிப்பு' என்றே வருகிறது, அதையாவது மாற்றலாம்.

நான் கேட்பது ஒரு பக்கம். ஒவ்வொரு ஒப்பந்தத்துக்கும் முன்னால், வீரரின் தாய்மொழியில், தனியாகக் கையெழுத்துப் போட வேண்டிய ஒரே ஒரு பக்கம். முதல் வருஷத்தில் போனால் எவ்வளவு, இரண்டாம் வருஷத்தில் எவ்வளவு என்று எண்ணால் எழுதியிருக்க வேண்டும். கிளப் அனுப்பினால் அவருக்கு எவ்வளவு என்பதும் அதே அளவு எழுத்தில், பக்கத்திலேயே. எத்தனை மாதம் தடை வரலாம், போனஸில் எவ்வளவு திரும்பப் போகும். தகராறு வந்தால் எந்த ஊரில், எந்த மொழியில் விசாரணை, மேல்முறையீட்டுக்கு எத்தனை நாள். லொசானில் பொதுவாக 21 நாள்தான், அது தெரியாமல் 30-ஆம் நாள் வந்து நிற்கிறார்கள். சம்பளம் நின்றால் அறிவிப்பு அனுப்ப வேண்டிய முகவரி, அதன் கீழேயே அந்த நாலு வரிக் கடிதத்தின் மாதிரி, தேதிக்கும் தொகைக்கும் இடம் விட்டு. பாஸ்போர்ட் வீரரிடமே இருக்கும் என்று ஒரு வரி.

கிளப்கள் ஒத்துக்கொள்ளாது என்பீர்கள். எல்லாம் ஒத்துக்கொள்ளாது. ஆனால் கூட்டு பேரத்தில் நீங்கள் சம்பளத்துக்கும் விடுமுறைக்கும் சண்டை போட்டு வாங்கியவற்றை கிளப்கள் முதல் நாளே ஒத்துக்கொண்டனவா? விலை வெளியே தெரிந்தால் பணக்கார அணிகள் எல்லாரையும் வாங்கிவிடும் என்று ஒரு வாதம் வரும். இப்போது மட்டும் யார் வாங்குகிறார்கள்? விலை தெரிந்தால், பிறகு தீர்க்க முடியாத வழக்கில் வீரரும் அடுத்த அணியும் மாட்டிக்கொள்ளாமலாவது இருக்கலாமே. ஸ்பெயினில் விலை தெரிந்தே நாற்பது வருஷமாக லீக் நடக்கிறது.

கிளப்கள் மறுத்தால், அந்தப் பக்கத்தை நீங்களே அச்சடித்துக் கொடுங்கள். அவர்களுடைய கையெழுத்து வேண்டாம். உறுப்பினர் அட்டை கொடுக்கும் நாளில் அதையும் கொடுங்கள். தொகை நிரப்ப வேண்டிய இடம் காலியாகவே இருக்கட்டும். கையெழுத்துக்கு முன் அந்த இடத்தை என்ன போட்டு நிரப்புவது என்று ஏஜென்ட்டைப் பார்த்துக் கேட்க ஒரு வீரருக்குத் தோன்றினாலே போதும்.

அந்தப் பக்கத்துக்கு ஒரு வரைவு எழுதி வைத்திருக்கிறேன். வக்கீலிடம் காட்டிச் சரிபார்த்தாகிவிட்டது. அந்தப் பையனிடமும் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். 'கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு' என்ற இடத்தில் நின்றுவிட்டான். "ரெண்டு பேர்ல யார்கிட்ட வேணும்னாலும் முழுப் பணத்தையும் கேட்கலாம்" என்று மாற்றி எழுதியிருக்கிறேன். எந்தச் சங்கம் கேட்டாலும் அனுப்பித் தருகிறேன், காசு வேண்டாம்.

இப்படிக்கு,
ஒப்பந்தம் படித்துச் சொல்லும் ஒருவன்